கேஸ் ஷீட்டில் இருந்த 18

மாலை ஏழு மணி இருக்கும். 68 வயது அம்மா ஒருவரை அவருடைய மகன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். அன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். நான் பார்க்கும்போது வெப்பநிலை 36.2 டிகிரி செல்சியஸ், நாடி 88, பி.பி. 112/64, ஆக்சிஜன் 95 சதவீதம். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 18 என்று எழுதியிருந்தது. நினைவுநிலைக்கான கட்டத்தில் 'தெளிவு'. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 4,600, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் லிட்டருக்கு 24 மில்லிகிராம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3.

மகன் ஒன்று சொன்னார்: "டாக்டர், அம்மா என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க."

காய்ச்சல் அசதியில் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சிறுநீர்த் தொற்று, வார்டில் சேர்க்கவும், இரவு பத்து மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசி, காலையில் மீண்டும் பார்க்கலாம் என்று எழுதினேன். திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்க்க ரத்தம் அனுப்பவில்லை. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சரும் எடுக்கவில்லை. சிறுநீர்க் கல்ச்சர் மட்டும் போனது.

இரவு ஒரு மணிக்கு வார்டு நர்ஸ் கூப்பிட்டார். "மூச்சு வேகமா இருக்கு, நாலு மணி நேரத்துல யூரின் அறுபது மில்லிதான் வந்திருக்கு, எனக்குச் சரியாப் படல." போய்ப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 30. பி.பி. 86/50. முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. லாக்டேட் 5.1.

அவர் பிழைத்துக்கொண்டார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலையோடு யாரும் மீதியைப் படிக்க வேண்டாம். ஆனால் ஏழு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போன அந்த ஆறு மணி நேரத்தை நான் பல நாள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை உறுப்புகளையே பழுதாக்கும் நிலை, அதன் தீவிரத்தை எண்களைக் கொண்டு மதிப்பிடுவது பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு இரவிலிருந்து வந்தது.

அடுத்த நாள் கேஸ் ஷீட்டை முதலிலிருந்து புரட்டினேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால், மடித்து வைத்த ஆம்புலன்ஸ் சீட்டு இருந்தது. மாலை ஆறரை மணி, மூச்சு 26, 'குழப்பமாகப் பேசுகிறார்'. அதை நான் பார்க்கவே இல்லை.

சரி, இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய மதிப்பெண் முறைக்கு 'நியூஸ்-2' என்று பெயர். மூச்சு, ஆக்சிஜன் அளவு, கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா, பி.பி., நாடி, நினைவுநிலை, வெப்பநிலை என்று ஏழு விஷயங்களுக்கு மதிப்பெண். கூட்டுத்தொகை 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 அல்லது மேலே போனால் உயிர்க்காப்பு அவசரம். என் கேஸ் ஷீட்டில் இருந்த எண்களைப் போட்டால் அந்த அம்மாவுக்கு வந்தது 1, ஆக்சிஜன் 95 இருந்ததற்காக. ஆம்புலன்ஸ் சீட்டில் இருந்த இரண்டு தகவலையும் சேர்த்தால் மூச்சுக்கு 3, குழப்பத்துக்கு 3, ஆக தொகை 7. ஒரே அம்மா, ஏறக்குறைய ஒரே நேரம். மதிப்பெண் முறை தவறவில்லை. அதற்குள் போட்ட எண் தவறு.

அந்த 18 எப்படி வந்தது என்று நான் யாரையும் குற்றம் சொல்லப் போவதில்லை. மற்ற எண்களையெல்லாம் கருவி காட்டிவிடும், மூச்சை மட்டும் ஒரு மனிதர் நின்று எண்ண வேண்டும். கூட்டம் நெருக்கும் நேரத்தில் பார்வையிலேயே '18' அல்லது '20' என்று போட்டுவிடுவது நடக்கிறது. ஒரு வார்டில் எல்லா ஷீட்டிலும் இந்த இரண்டு எண்களில் ஒன்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். அத்தனை மதிப்பெண் முறைகளிலும் கனமான கட்டங்களில் ஒன்று இதுதான் என்பதுதான் வேதனை. செப்சிஸில் ரத்தம் அமிலமாகத் தொடங்கும்போது உடம்பு முதலில் மூச்சைக் கூட்டித்தான் அதைச் சமாளிக்கப் பார்க்கும். பி.பி. விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே அது தெரிந்துவிடும்.

மற்ற முறைகளையும் அதே அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 1991-இல் ஒரு நிபுணர் கூட்டம் வகுத்த பழைய 'சிர்ஸ்' அளவுகோலில் நான்கு விஷயங்கள்: வெப்பநிலை 38-க்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், நாடி 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். தொற்றுள்ளவருக்கு இதில் இரண்டு சேர்ந்தால் செப்சிஸ் என்பது கணக்கு. சரியான மூச்சு எண்ணிக்கையைப் போட்டாலும் அவருக்கு ஒன்றுதான் வரும். அவர் பி.பி.-க்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போவதும் உண்டு. 2015-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், தொற்றும் உறுப்புப் பாதிப்பும் இருந்த நோயாளிகளில் எட்டில் ஒருவர் சிர்ஸ் வலையில் விழவில்லை என்று காட்டியிருந்தார்கள். அந்த எட்டில் ஒருவர் இவர்.

2016-இல் செப்சிஸுக்கான வரையறையே மாறியது. தொற்றுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய், அதனால் உயிருக்கு ஆபத்தான அளவு உறுப்புகள் பழுதடைவதுதான் செப்சிஸ் என்றார்கள். அதை அளக்க 'சோஃபா' மதிப்பெண், வழக்கமான நிலையிலிருந்து 2 புள்ளி ஏறினால் செப்சிஸ். கூடவே படுக்கையருகில் சட்டென்று பார்க்க 'க்யூ-சோஃபா' என்று ஒரு சுருக்கமும் வந்தது: மூச்சு 22 அல்லது மேலே, மேல் பி.பி. 100 அல்லது கீழே, நினைவில் மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து. அந்த அம்மாவுக்கு ஏழு மணிக்கே 2. நான் எழுதி வைத்திருந்தபடி 0. ஆனால் க்யூ-சோஃபாவை மட்டும் நம்பி வடிகட்டக் கூடாது என்று 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது 'ஆம்' என்றால் மோசம்தான். 'இல்லை' என்றால் அதில் நிம்மதிப்பட எதுவும் இல்லை. நான் இப்போது வாசலில் நியூஸ்-2, உள்ளே வந்தபின் சோஃபா என்று வைத்துக்கொள்கிறேன்.

சோஃபா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தீவிரம் என்பது அங்கேதான் தெரியும். நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்று ஆறு உறுப்பு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. இரவு ஒன்றரை மணிக்கு அவருக்கு ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 92,000, அதற்கு 2. கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் 1.4, அதற்கு 1. கிரியேட்டினின் 1.9, அதற்கு 1. நினைவுக்கு 1. சராசரி ரத்த அழுத்தம் 62, அதற்கு 1. ஆக்சிஜன் பரிமாற்றத்துக்கு 2. மொத்தம் 8. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு எண்கூட அலற வைக்காது. பிளேட்லெட் 92,000 என்றால் 'லேசான குறைவு' என்று யாரும் கடந்துபோவார்கள். பிலிருபின் 1.4-ஐ யார் கவனிப்பார்கள்? ஆறு உறுப்பும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் சரிகிறது என்பதைக் கூட்டிப் பார்த்தால்தான் புரிகிறது. அதற்காகவே நான் இன்றும் சோஃபாவைக் கையால் கணக்கிடுகிறேன். கணினி ஒரே எண்ணாகக் கொடுத்துவிட்டால் எந்த உறுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று மனதில் பதிவதில்லை.

இன்னொன்று. 'வழக்கமான நிலையிலிருந்து' என்ற சொல்லை நான் அன்று மறந்தேன். கிரியேட்டினின் 1.3-ஐப் பார்த்து 'வயதுக்குப் பரவாயில்லை' என்று நினைத்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை மகன் மறுநாள் கொண்டு வந்தார். அதில் 0.8. அப்படியென்றால் ஏழு மணிக்கே சிறுநீரகம் அடிபடத் தொடங்கியிருந்தது. பி.பி.-யும் அப்படித்தான். எப்போதும் 150 இருப்பவருக்கு 112 என்பது சாதாரண பி.பி. இல்லை. இப்போது நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா, போனில் படமாக இருந்தாலும் போதும்.'

இனி ரத்தக் குறியீடுகள். அன்று என்னை ஏமாற்றியது சி.ஆர்.பி. 24. ஏமாந்ததற்குக் காரணம், அந்தப் பரிசோதனைக்கு உள்ள கடிகாரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. சி.ஆர்.பி. கல்லீரலில் தயாராவது. தொற்று தூண்டிய பிறகு அது ரத்தத்தில் ஏறத் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள். நடுக்கம் தொடங்கி ஐந்து மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 24 இருந்தால், 'தொற்று லேசு' என்று பொருள் இல்லை, 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று பொருள். பாக்டீரியா தொற்றில் ஏறும் இன்னொரு குறியீடான புரோகால்சிட்டோனின் கொஞ்சம் வேகமானது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் எழும், ஒரு நாளுக்குள் உச்சம், பிறகு காரணம் அடங்கினால் நாளுக்குப் பாதியாகக் குறையும். கிரியேட்டினின் ஒரு நாள், இரண்டு நாள் பின்தங்கியே ஓடும். லாக்டேட்தான் மணிக்கணக்கில் மாறும். எந்த எண்ணைப் பார்த்தாலும், 'நோய் தொடங்கி எத்தனை மணி நேரத்தில் எடுத்தது?' என்று கேட்காமல் இப்போது நான் படிப்பதே இல்லை.

இந்தக் கடிகாரம் மறுபக்கமும் ஏமாற்றும். அன்று அதிகாலை ஸ்கேனில் விஷயம் தெரிந்தது: வலது சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து, மேலே சீழ் தேங்கியிருந்தது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஆன்டிபயாடிக்கை மாற்றி, கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் திரவம் கொடுத்து, பி.பி.-யை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தைத் தொடங்கியும் லாக்டேட் 4.6-க்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து மணிக்குச் சிறுநீரக அறுவை நிபுணர் வந்து அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்துச் சீழை வடித்துவிட்டார். பகல் பதினொரு மணிக்கு லாக்டேட் 2.3. அதே நாள் மாலை சி.ஆர்.பி. 210, மறுநாள் 240, கிரியேட்டினின் 2.8. மகன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார், "ஏறிக்கிட்டே போகுதே டாக்டர்!" அம்மாவோ அவரைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார், சிறுநீர் நன்றாகப் போனது, நோர்அட்ரினலின் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் நலமாகிக்கொண்டுதான் இருந்தார். சி.ஆர்.பி. நேற்றைய செய்தியை இன்று சொல்லிக்கொண்டிருந்தது. உட்கார வைத்து இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று நான் எண்ணியதே இல்லை.

லாக்டேட் இறங்காமல் நின்றதும் ஒரு தகவல்தான். திரவமும் மருந்தும் சரியாகப் போயும் அது அசையவில்லை என்றால், எங்கோ சீழ், அடைப்பு அல்லது அழுகிய திசு இருக்கிறதா என்று தேட வேண்டும். எந்த மதிப்பெண்ணும் தொற்றின் இடத்தைக் காட்டாது.

லாக்டேட் 2-க்கு மேல் இருந்தால் கவனம், 4-ஐத் தாண்டினால் பி.பி. நன்றாக இருந்தாலும் ஆபத்து. திரவம் போதுமான அளவு கொடுத்த பிறகும் சராசரி அழுத்தத்தை 65-இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2-க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். 2016 வரையறையை வகுத்தபோது பார்த்த தரவுகளில் அந்த நிலைக்குப் போனவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். ஆனால் லாக்டேட் ஏறினாலே செப்சிஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் நெபுலைசர் பலமுறை வாங்கிய ஓர் இளைஞருக்கு 5.5 வந்து நாங்கள் பதறியிருக்கிறோம். அது மருந்தின் விளைவு, நிறுத்தியதும் இறங்கியது. வலிப்பு வந்து சில நிமிடங்களில் எடுத்தாலும் ஏறியிருக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு இறங்க நேரம் பிடிக்கும். எடுத்த ரத்தத்தை அறைச் சூட்டில் அரை மணி நேரம் மேசைமேல் விட்டால் குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் லாக்டேட்டைத் தயாரித்துக்கொண்டிருக்கும். உடனே பிளட் கேஸ் கருவியில் போடுங்கள், முடியாவிட்டால் ஃப்ளூரைடு குழாயில் ஐஸில் வைத்து அனுப்புங்கள்.

லாக்டேட் கருவி இல்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு விரல் இருக்கிறது. விரல் நுனியை வெளுக்கும்வரை பத்து விநாடி அழுத்திப்பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை. 2019-இல் ஆண்ட்ரோமெடா-ஷாக் என்ற ஆய்வில் இதை லாக்டேட்டோடு ஒப்பிட்டார்கள். விரலை வைத்துச் சிகிச்சை தந்த குழுவில் 28 நாளில் இறந்தவர்கள் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4. புள்ளியியல் கணக்குப்படி அந்த வித்தியாசம் உறுதியானது இல்லை. ஆனாலும் விரல் நுனியை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு எனக்கு அது போதும்.

புரோகால்சிட்டோனினை ஆன்டிபயாடிக் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் பயன்படுத்துவதில்லை. வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. பெரிய குடல் அறுவைக்கு மறுநாள் ஒருவருக்கு 9 நானோகிராம் இருந்தது, தொற்றே இல்லை. அறுவை, தீக்காயம், பெரிய விபத்து எல்லாமே அதைத் தூக்கும். மூடிக் கிடக்கும் சின்னச் சீழ்க்கட்டியில் அது ஏறாமலும் இருக்கும். அது உண்மையில் உதவுவது மருந்தை நிறுத்தும் இடத்தில். உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால், நிறுத்துவதைப் பற்றித் தைரியமாக யோசிக்கலாம். அந்த அம்மாவுக்கு உச்சம் 64. பிறகு 31, 15, 8. ஏழாம் நாள் நிறுத்தினோம். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, பத்து மணி ஊசிக்குப் பிறகு எடுத்ததுதான் காரணமாக இருக்கும். மாலையில் எடுத்த சிறுநீர்க் கல்ச்சரில் ஈ. கோலை என்ற பாக்டீரியா வளர்ந்ததால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதே சமயம் ஷாக்கில் இருப்பவருக்குக் கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும்.

வெள்ளை அணுக்கள் பற்றி ஒரு வரி: குறைந்திருப்பது கூடியிருப்பதைவிட அதிகம் பயப்பட வேண்டிய விஷயம். மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் டோசிலிசுமாப் என்ற மருந்து போட்டவர்களுக்கு சி.ஆர்.பி. ஏறவே ஏறாது, காய்ச்சலும் தெரியாது. கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கும் சி.ஆர்.பி. ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், ரிப்போர்ட்டில் உள்ள எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தொற்று இருப்பவர் பேச்சில் தடுமாறினால், ஆளை மாற்றிக் கூப்பிட்டால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், மூச்சு வாங்கினால், அரை நாளாகச் சிறுநீர் போகாவிட்டால், கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டானால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள், 'செப்சிஸாக இருக்குமா?' என்ற அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் நகர்ந்துவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். அந்த மகன் ஒரு முறைதான் சொன்னார், நான் நகர்ந்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஸ்டென்ட்டை எடுக்க இருவரும் வந்தார்கள். மாடிப்படி ஏறினால் இன்னும் கால் வலிக்கிறது, பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றார் அம்மா. செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு இது பல மாதம் நீடிக்கலாம் என்று சொல்லி, நடைப்பயிற்சியும் உடற்பயிற்சி நிபுணரும் ஏற்பாடு செய்தோம். அவர் பேசி முடித்து அமைதியானதும் மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நான் இப்படித்தான் செய்வேன். 16. பிறகு நினைவுநிலைக் கட்டத்தை நிரப்பும் முன் மகனைப் பார்த்துக் கேட்டேன்: "அம்மா எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா?"